டீச்சர் ஒட்டிய தீப்பெட்டிகள்

எங்கள் தெருவில் நடமாடிய பெண்களில் தீப்பெட்டி ஒட்டத் தெரியாதவர், வெளியூரிலிருந்து வந்துபோன எங்கள் டீச்சர் ஒருவர்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மற்றபடி அவருக்குத் தெரியாதது என்று ஒன்றும் கிடையாது. விருதுநகரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, திருத்தங்கல் ரோட்டில் இறங்கி, எங்கள் ஊருக்கு நடந்தே வருவார். பள்ளிக்கூட நேரம் போக, ஊருக்குக் குழாய் கேட்டு மனு எழுதுவார். அதில் கைநாட்டு வாங்க மைப்பெட்டியோடு வீடு வீடாக ஏறி இறங்குவார். பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். யாரும் கேட்டு அவர் செய்ததில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. என் பெயர் பள்ளிக்கூடத்தில் இருந்தது, நான் வீட்டில் இருந்தேன். கம்பெனி ஏஜெண்டு காலையில் சைக்கிளில் மரச்சில்லும் நீலத்தாளும் கொண்டுவந்து போடுவார். மறுநாள் அவர் வரும்போது எல்லாம் பெட்டியாகியிருக்க வேண்டும். அம்மா உள்பெட்டி ஒட்டுவாள், நான் மேல்கூடு. என் விரல் வேகத்துக்குப் பெரிய பொம்பளைகளே ஈடு கிடையாது. இன்றைக்கும் இதைச் சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

என்னைக் கூப்பிட டீச்சர் மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை அம்மாவுக்குச் சலிப்பு வந்துவிட்டது.

"இவள அனுப்பிட்டா இவ பங்கு பெட்டிய யாரு ஒட்டுவா? நீங்க ஒட்டுவீகளா டீச்சர்?"

"ஒட்டுறேன்" என்றார் டீச்சர்.

அம்மா அது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தாள். ஆனால் மறுநாள் காலையில் வந்து என்னைக் கூட்டிப்போன டீச்சர், பள்ளிக்கூடம் விட்டதும் என்னோடே வீட்டுக்கு வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெருவே வந்து வாசலில் நின்றது.

"டீச்சர், பசை பெட்டிக்குத்தான். முழங்கைக்கு வேண்டாம்" என்றாள் பக்கத்து வீட்டு மதினி. எல்லாரையும்விட டீச்சர்தான் அதிகம் சிரித்தார்.

அப்படியே ஒரு மாதம் ஓடியது. பகலில் நான் பள்ளிக்கூடத்தில், சாயங்காலம் டீச்சர் எங்கள் வீட்டில். என் பெயரை எழுத நான் கற்றுக்கொண்டது அந்த மாதத்தில்தான். பெட்டி ஒட்டத்தான் அவருக்கு வரவில்லை.

ஒருநாள் ஏஜெண்டு ஒரு கட்டு முழுவதையும் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். மேல்கூட்டுக்குள் பசை வழிந்து, உள்பெட்டி நகரவே மாட்டேனென்றது. அம்மா டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மரியாதை. எனக்கு அதெல்லாம் தெரியுமா? அன்று சாயங்காலம் டீச்சர் ஒட்ட ஒட்ட, ஒவ்வொன்றாக எடுத்து இழுத்துப் பார்த்து, ஆகாததைத் தனியாகக் குவித்தேன். குவியல் என் முட்டளவு வந்தது.

"டீச்சர், நீங்க பெயிலு!" என்று கத்தினேன். மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் ஏறிவிட்டது.

"நாளையிலருந்து நீங்க வரவேணாம் டீச்சர். நானே வீட்டுல இருந்து ஒட்டிக்கிடுறேன். நான் ஒட்டுனா ஒண்ணுகூடத் திரும்பி வராது."

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பசைச் சட்டியைப் பார்த்தாள்.

"ஒரு வாரம் குடுங்கம்மா. பழகிக்கிடுறேன்" என்றார் டீச்சர்.

"அவ சொல்றதும் நெசந்தான டீச்சர். சீசன் வேற வந்திருச்சு. இன்னொரு கட்டு திரும்புனா கம்பெனிக்காரன் இனி லோடு தரமாட்டான்" என்றாள் அம்மா, தலை தூக்காமலே.

டீச்சர் கையிலிருந்த கூட்டை ஒட்டி முடித்துக் கீழே வைத்தார். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்தார். துடைத்த பிறகும் கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது. பூச்சி அரிக்காமலிருக்க எங்கள் பசையில் மயில்துத்தம் கலப்போம். கண்ணில் பட்டால் தீயாக எரியும். இதுகூடத் தெரியவில்லையே இவருக்கு என்று எனக்குப் பாவமாக இருந்தது. ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தேன்.

"பசைக் கையோட கண்ணத் தொடலாமா டீச்சர்? நல்லாக் கழுவுங்க."

நான் சொன்னபடியே முகம் முழுக்கக் கழுவினார்.

"எரிச்சல் நின்னுருச்சா?" என்று கேட்டேன்.

"நின்னுருச்சு தாயி" என்றார் டீச்சர். அவருக்கும் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்று இருந்ததே என்று, பஸ்ஸுக்கு அவர் நடந்து போவதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.