சௌந்திரத்தின் நல்ல கண்

நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளில் வெயில் ஏறினால் ஃபேன் தானாக ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் ஒரே மத்தியானத்தில் கோழிகள் வாயைப் பிளந்துவிடும். ஓட வைக்கிற எலக்ட்ரானிக் போர்டுகளைச் செய்வது மோகனூர் சாலையில் நவநீதகிருஷ்ணன் நடத்தும் சின்னக் கம்பெனி. அங்கே ஒவ்வொரு போர்டையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சொல்லி அனுப்புகிறவள் சௌந்திரம். பத்தொன்பது வருஷமாக அதுதான் வேலை.

பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவள். ஆனால் குறை கண்டுபிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவளின் தோட்டைப் பார்த்து, "அக்கா, மூணாவது கல்லு ஆடுது பாருங்க" என்பாள். முட்டை லாரி ஓட்டும் புருஷன் நாச்சிமுத்து, சட்டையில் பொத்தான் அறுந்தால் அவளிடமிருந்து மறைப்பதற்கே தனியாகப் பாடுபடுவான்.

அப்படிப்பட்டவளின் கண்ணிலேயே குறை வந்தது. நாற்பதைத் தாண்டியதும் வலது கண்ணில் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாக இழுபட ஆரம்பித்தது. கண்ணாடிக் கடைக்காரர் சிலிண்டர் பவர் என்றார். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். ஆனால் பழைய மைக்ரோஸ்கோப்பில் இரண்டு குழல்களிலும் கண்ணை ஒட்ட வைத்துத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் இடிக்கும். கழற்றினாலோ ஒவ்வொரு ஈயப் புள்ளியும் வால் முளைத்துத் தெரியும். எந்தத் திருகைத் திருகினாலும் அந்த வால் போகாது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். இரண்டு வருஷம் இடது கண்ணால் மட்டுமே பார்த்து ஒப்பேற்றினாள். ஒற்றைக் கண்ணில் எல்லாம் தெரியும், மேடு பள்ளம் மட்டும் தெரியாது. போன சித்திரையில் ஒரு போர்டில் ஐசி என்கிற கறுப்புச் சில்லின் கால் ஒன்று மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றதை அவள் கவனிக்கவில்லை. தம்மம்பட்டிப் பக்கம் ஒரு பண்ணையில் ஃபேன் நின்று ஐந்நூறு கோழிகள் செத்தன.

நவநீதகிருஷ்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணாந் தேதியிலிருந்து பேக்கிங் பக்கம் போயிக்க அம்மிணி" என்றார். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. சௌந்திரம் சரியென்று தலையாட்டிவிட்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவளுக்காக வாயைத் திறந்தவள் கம்பெனியின் இன்ஜினியர் தனப்பிரியா. கண்ணை ஒட்டவே வேண்டாத மைக்ரோஸ்கோப் ஒன்று இருக்கிறது, முகத்துக்கு எதிரே அகலமான கண்ணாடி, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியோடு பார்க்கலாம், இரண்டு கண்ணுக்கும் மேடு பள்ளம் அப்படியே தெரியும் என்று முதலாளியைக் கரைத்தாள். பதினைந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையென்றால் திருப்பிவிடலாம் என்ற பேச்சில் அவரும் இறங்கி வந்தார்.

பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. விற்றவர்களின் ஆள் திங்கட்கிழமை வந்து மாட்டித் தருவதாக ஏற்பாடு. நல்ல நேரத்தை விட்டுவிட்டுத் திங்கட்கிழமைக்குக் காத்திருக்க நவநீதகிருஷ்ணனுக்கு மனம் வருமா? பெட்டியைப் பிரித்துச் சூடம் காட்டி, ஆட்களை விட்டே மாட்ட வைத்துவிட்டார். திங்கட்கிழமை போன் செய்த ஆளிடம், "நாங்களே மாட்டிட்டோமுங்க, நீங்க வர வேண்டாம்" என்று பெருமை வேறு.

உட்கார்ந்து பார்த்த கம்பெனிப் பெண்கள் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். பனி மூட்டம் மாதிரி இருக்கிறது, தலை வலிக்கிறது, பழையதே மேல் என்றார்கள். தனப்பிரியாவும் பார்த்துவிட்டு முகம் வாடினாள். ஒரு வாரம் போராடிய பிறகு முதலாளி முடிவெடுத்தார். "நாளைக்குத் திருப்பி அனுப்பீருவோம்."

சௌந்திரம் அதுவரை கிட்டேயே போகவில்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்த இடத்தில் போய் உட்கார யாருக்குத்தான் பிடிக்கும்? அன்று சாப்பாட்டு நேரத்தில், போகட்டும் ஒருதரம் பார்ப்போம் என்று மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்தாள்.

மங்கலாகத்தான் இருந்தது. இரண்டு வருஷத்துப் பழக்கம், வலது கண்ணை மூடினாள். மங்கல் இன்னும் அதிகமானது. இடது கண்ணை மூடினாள். பளிச்சென்று தெரிந்தது.

இடதுதானே நல்ல கண்? அதுவும் போய்விட்டதா? நாற்காலியைத் திருப்பி, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். ராகு காலம், எமகண்டம், மூலையில் அச்சகத்தின் பெயர் வரை ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. மறுபடி மைக்ரோஸ்கோப், மறுபடி மங்கல்.

கண்ணில் குறையில்லை. மெஷினில்தான் குறை. அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும்!

"தனப்பிரியா! இங்க வா சாமி!" என்று கத்தினாள். "என்ற நல்ல கண்ணுக்குத்தான் மங்குது. கெட்ட கண்ணுக்குப் பளிச்சுங்குது. அடியில என்னமோ இருக்குது பாரு."

தனப்பிரியா செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள். கீழே, போர்டைப் பார்த்தபடி இருக்கும் லென்ஸின் இடது ஓரத்தில் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் இத்தனூண்டு குங்குமம். மாட்டும்போது கை பட்டுப் பரவியிருந்தது.

சத்தம் கேட்டு வந்த முதலாளி அசடு வழிந்தார். "பூசையன்னிக்குப் படுக்க வெச்சிருந்துச்சுங்களா... புது லாரிக்கு ஹெட்லைட்டுல பொட்டு வெக்கறாப்புலயே வெச்சுட்டேன்."

சிரிப்பில் கூரை பறந்தது. யாரும் பிரிக்காமல் பெட்டியிலேயே கிடந்த மெல்லிய துணியையும் லென்ஸ் துடைக்கிற மருந்தையும் எடுத்துத் தனப்பிரியா துடைத்தாள். சௌந்திரம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

அடேயப்பா! போர்டு படுத்திருக்கவில்லை, எழுந்து நின்றது. ஐசி மேடாக நிற்க, அதன் கால்கள் படிக்கட்டாக இறங்கின. கழுத்து வலிக்கவில்லை, கண் கூசவில்லை. இரண்டு வருஷம் கழித்து இரண்டு கண்ணாலும் பார்க்கிறாள். சந்தோஷத்தில் வாய்விட்டே சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. மேசையில் இருந்தது காலையில் மற்ற பெண்கள் பழைய மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அனுப்பிய செட்டிலிருந்து மாதிரிக்கு எடுத்து வைத்த ஒரு போர்டு. அதில் ஏழாவது கால் அந்தரத்தில் நின்றது. அடியில் மெல்லிய நிழல்.

"ஏனுங்க, இதோட செட்டு எங்கீங்க?" என்று முதலாளியைக் கேட்டாள்.

"நாப்பதும் போயிருச்சே. அயோத்தியாப்பட்டணத்துப் பண்ணைக்கு, நம்ம வேன்ல."

"திருப்பச் சொல்லுங்க."

நவநீதகிருஷ்ணன் அவளையே பார்த்தார். தனப்பிரியாவிடம் கேட்கவில்லை, தானும் குனிந்து பார்க்கவில்லை. போனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டார். "எங்கப்பா இருக்கற? சேலந் தாண்டியாச்சா? தாண்டுனாலும் பரவால்ல, வண்டியத் திருப்பு. சௌந்திரம் பாக்காம ஒரு போர்டு வெளிய போகாது."

அந்தி சாய்வதற்குள் வேன் வந்துவிட்டது. நாற்பது போர்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்து மூன்றை எடுத்துத் தனியே வைத்தாள். மூன்றிலும் அதே ஏழாவது கால். தனப்பிரியா ஊசி முனையால் தொட்டுப் பார்த்தாள், மூன்றும் ஆடின.

முதலாளி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார். "பேக்கிங்குக்கு வேற ஆளப் பாத்துக்கறேன் அம்மிணி. நீ இங்கயே இரு."

அவர் வந்து நின்றால் எழுந்து நிற்பது பத்தொன்பது வருஷ வழக்கம். அன்றைக்கு அவள் எழவில்லை. கண்ணை எடுக்காமல், "சரிங்க. கொஞ்சம் அக்கட்டால தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றாள்.

அவர் தள்ளி நின்றார்.