ஒலுமோ பாறையில் கழற்றிய செருப்பு

ஒஸ்லோவிலிருந்து மருமகளோடு அவள் பிறந்த நைஜீரியாவுக்கு வந்திருக்கிறேன். அவளுடைய தாய் என்னை ஒலுமோ பாறைக்குக் கூட்டிவருகிறார். சம்மந்தியம்மாவை முதன்முதலாகச் சந்திக்கிறேன். நல்ல பேர் எடுக்க வேண்டுமே என்று ஒரே பயம்.

பாறைக்குள் கோயில் இருக்கிறது என்றதும் செருப்பைக் கழற்றி, பக்கத்துக் குழியொன்றில் பத்திரமாக வைக்கிறேன். சம்மந்தியம்மா மகளிடம் ஏதோ சொல்கிறார்.

மருமகள் தயங்கித் தயங்கி, என்னிடம் பழகிய தமிழில் சொல்கிறாள். "மாமி, அது சண்டைக்குப் பயந்து இஞ்சை ஒளிச்சிருந்த சனம் சாப்பாட்டுக்கு அரைச்ச குழி."

"ஐயோ பிள்ளை, எனக்குத் தெரியாதே!"

எங்கள் ஊர்ச் சண்டையில் குண்டுக்குப் பயந்து பங்கர் குழிக்குள் கிடந்து சமைத்தவள் நான். எனக்கா தெரியாமல் போயிற்று?

நான் குனியமுதலே சம்மந்தியம்மா என் செருப்பைத் தன் கையால் எடுத்து, சிரித்தபடி என் காலடியில் வைக்கிறார். அதற்குள் காலை நுழைக்க எனக்கு மனம் வரவில்லை. சேலைத் தலைப்பால் குழியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.