மூடியில் மூன்று செல்கள்

குவைத்தில், மங்காஃபில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் பின்புறம் இரண்டு பெரிய குப்பைத் தொட்டிகள் உண்டு. பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும், வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பும் குடும்பங்கள் பிள்ளைகளின் பொம்மைகளை அங்கே கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டிக்குள் போட மாட்டார்கள், பக்கத்தில் வைப்பார்கள். வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள். விமானத்தில் இத்தனை கிலோதான் என்றிருக்கும்போது பேட்டரி ஜீப்பையும் பொம்மை அடுப்பையும் யார் தூக்கிக்கொண்டு போவார்கள்?

என் மூத்த மகளுக்கு அப்போது பத்து வயது. சின்னவளுக்கு மூன்று முடியவில்லை. மனைவி நர்ஸ். நான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியன். இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைப்பது அபூர்வம். ஒருவர் டியூட்டிக்குப் போனால் இன்னொருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில், அங்கே வார விடுமுறையான வெள்ளிக்கிழமைகள் என் பொறுப்பில் இருந்தன. வெளியே போக முடியாத வெயில். டிவியையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவளிடம் ஒருநாள், "ரோபோ ஒண்ணு செய்வோமா?" என்று கேட்டுவிட்டேன்.

குப்பைத் தொட்டிப் பக்கம் இருந்து எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது என் மனைவியின் கட்டளை. மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள், கிருமி என்றால் அவளுக்குக் கண்ணில் தெரியும். அதனால் நானும் மகளும் பொருள்களை வெந்நீரில் கழுவி, ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்தோம். "அம்மாகிட்ட சொல்லாத. முடிஞ்சதும் காட்டுவோம்" என்றேன். ஒரு பிள்ளையிடம் அப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. விளையாட்டின் ஒரு பகுதியாகத்தான் நினைத்தேன்.

ஜீப்பின் அடிப்பகுதி கால்கள் ஆயிற்று. பொம்மை அடுப்பு வயிறு. இரண்டு மல்யுத்த வீரர் பொம்மைகளிலிருந்து ஆளுக்கொரு கை எடுத்தோம். ஒரு கை பெரிது, ஒரு கை சிறிது என்பதால் ரோபோ ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. தலைக்குக் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் மூடி. கண்களில் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. வேறு பல்பு கிடைக்கவில்லை. மூக்குக்குக் கீழே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வெட்டி மீசை ஒட்டியவள் மகள்தான். ஒட்டியதும் அது ஆளாகிவிட்டது.

"இவரு பக்காலாக்காரரு" என்றாள். எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருந்த மளிகைக்கடையைப் பக்காலா என்றுதான் சொல்லுவோம். "எதைக் கேட்டாலும் மாஃபின்னு சொல்லுவாரு."

"பால் இருக்கா?"

"மாஃபி."

"ரொட்டி?"

"மாஃபி."

"ஒண்ணுமே இல்லன்னா கடை எதுக்குவே தெறந்து வச்சிருக்கீரு?"

மகள் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "வீட்ல ஏசி ரிப்பேர். இங்க கூலா இருக்கு" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் சின்னவளும் என்னவென்று தெரியாமலே சிரித்தாள்.

பக்காலாக்காரருக்குச் சொந்தக் குரல் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். பேசும் பொம்மை ஒன்றின் வயிற்றிலிருந்து சின்ன ஸ்பீக்கரையும், நாம் பேசுவதைப் பதிந்து திருப்பிச் சொல்லும் ஒரு தகட்டையும் எடுத்தோம். அதற்கு பட்டன் செல் தேவைப்பட்டது. நாலணா அகலத்தில் பளபளவென்று இருக்குமே, அந்தச் செல். பல பொம்மைகளைப் பிரித்து நான்கு சேர்த்தேன். எதில் உயிர் இருக்கிறது என்று பார்க்க மீட்டர் வீட்டில் இல்லை. நான் தொழில் பழகிய காலத்திலிருந்தே உள்ள ஒரு கெட்ட பழக்கம், செல்லை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது. உயிர் இருந்தால் லேசாகப் புளிக்கும். பெரியவள் "சீ" என்றாள். சின்னவள் என் முகத்துக்கு நேரே வந்து நின்று தன் நாக்கையும் நீட்டினாள். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு நடைமுறை உண்டு. எந்த பேனலைத் திறந்தாலும், மூடுவதற்குமுன் கையிலிருக்கும் சாமான்களை எண்ண வேண்டும். கொண்டுபோனது ஒன்பது ஸ்பேனர் என்றால் ஒன்பதும் பலகைக்குத் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேலை நின்றுவிடும். உடனே மேலே சொல்ல வேண்டும். சொன்னவனை யாரும் திட்ட மாட்டார்கள். சொல்லாதவனைத்தான் ஊருக்கு அனுப்புவார்கள். அந்தப் பழக்கத்தில், கழற்றிய ஸ்குரூ, செல் எல்லாவற்றையும் ஒரு ஹார்லிக்ஸ் மூடியில் போட்டு எண்ணித்தான் வைப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சர்ச்சில் காலைப் பூசைக்குப் போய்வந்தோம். மனைவி அங்கிருந்தே டியூட்டிக்குப் போய்விட்டாள். நான் சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அடுப்படியில் நான் நின்ற நேரத்தில் பிள்ளைகள் இருவரும் பால்கனியில் பெட்டியைத் திறந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டாவது வாயிலேயே சின்னவள் ஓங்கரித்தாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கடற்கரை ஊரில் பிறந்த எங்களுக்கு இதற்கு ஒரே பெயர்தான். முள். அதற்கு ஒரே வைத்தியம்தான். வெறுஞ்சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொல்ல வேண்டும். "முழுங்குட்டி தங்கம், அப்படியே முழுங்கு" என்று ஊட்டினேன். ஒன்று இறங்கியது. அடுத்ததைக் கக்கினாள். வாழைப்பழம் கொடுத்தேன். அதுவும் பாதி இறங்கியது, பாதி வந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடியத் தொடங்கியது.

ஏனென்று தெரியவில்லை, எழுந்து பால்கனிக்குப் போனேன். பெட்டி திறந்து கிடந்தது. மூடியில் செல்கள் மூன்று இருந்தன.

பின்னாலேயே வந்த பெரியவள், "அப்பா, நாலு இருந்துச்சுல்ல?" என்றாள்.

"உருண்டு போயிருக்கும். மெஷினுக்கு அடியில பாரு" என்றேன்.

அவள் தரையில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். அந்த நேரம் என் போன் அடித்தது. வழக்கம்போல் இடைவேளையில் மனைவி கூப்பிட்டிருந்தாள். சின்னவளின் அழுகை அவளுக்குக் கேட்டது. முள் சிக்கியிருக்கிறது, சோறு கொடுத்தேன் என்றேன்.

"முள்ளுக்கு எச்சி இப்படி வடியாதுங்க. வேற எதையும் வாயில போட்டாளா? நல்லாப் பாத்தீயளா?"

"இல்ல. முள்ளுதான். நீ பயப்படாத."

அந்த 'இல்ல'யை நான் பலமுறை திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன். முட்டாள்தனத்தால் சொன்னேன் என்றால் ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி இல்லை. ஒன்று குறைகிறது என்று அப்போதே தெரியும். செல் என்று சொன்னால் பெட்டியைச் சொல்ல வேண்டும், பெட்டியைச் சொன்னால் குப்பைத் தொட்டியைச் சொல்ல வேண்டும். மெஷினுக்கு அடியில் இருக்காது என்று உள்ளுக்குள் தெரிந்தும், ஒருவேளை கிடைத்துவிட்டால் எதையும் சொல்ல வேண்டிவராது என்று நினைத்தேன். இந்த அற்பக் கணக்குக்காக ஒரு மணிநேரத்துக்கு மேல் என் பிள்ளையை மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மூன்றேகால் மணிக்கு எச்சிலில் பழுப்பு நிறம் தெரிந்தது. பெரியவள் பால்கனி முழுக்கத் தேடிவிட்டு, முழங்கையெல்லாம் தூசியோடு வந்து, "கிடைக்கலப்பா" என்றாள். நான் சின்னவளைத் தூக்கிக்கொண்டு செருப்புப் போடாமல் எதிர் ஃபிளாட்டுக்கு ஓடினேன். அங்கிருந்த ஐதராபாத்காரர் பெரியவளைத் தன் மனைவியிடம் விட்டுவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு, "ஜல்தி பாய், ஜல்தி" என்று எனக்கு முன்னால் இறங்கினார்.

எக்ஸ்ரேயில் அது தெளிவாகத் தெரிந்தது. நெஞ்சுக்கு மேலே, உணவுக்குழாயில், வட்டத்துக்குள் ஒரு வட்டம். காசு என்றால் ஒரே வட்டமாக இருக்கும் என்றார் டாக்டர். கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று மயக்க மருந்து கொடுப்பவர் கேட்டார். சோறும் பழமும் ஊட்டியதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. வயிற்றில் உணவு இருக்கும்போது மயக்கம் கொடுப்பது ஆபத்து, ஆனால் காத்திருக்கவும் முடியாது என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சீருடையைக்கூட மாற்றாமல் மனைவி வந்து சேர்ந்தாள். "செல்லா? எங்கேருந்து?" என்றாள். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். "கிளம்பும்போதுதான் பாத்தேன், ஒண்ணு குறையுது" என்றேன். இது இரண்டாவது பொய்.

எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தச் செல் உள்ளே புண்ணாக்கிவிட்டிருந்தது. மூன்று வாரம் மூக்கு வழியாகக் குழாயில் பால். புண் ஆறிய இடத்தில் உணவுக்குழாய் சுருங்கியது. அதை விரிக்க அடுத்த இரண்டு வருடங்களில் ஐந்து முறை மயக்கம் கொடுத்தார்கள். இப்போது எல்லாம் சாப்பிடுகிறாள். ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிக்கிறாள். அவள் இருமினால் நான் இருக்கும் இடத்தில் எழுந்து நின்றுவிடுகிறேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

நான்காம் நாள் வார்டுக்கு வெளியே இருந்த நாற்காலியில் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "போன்ல நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும். பெரியவ அன்னைக்கே போன்ல சொல்லிட்டா."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டு? பிள்ளையப் பாப்பேனா, ஒங்களோட சண்டை போடுவேனா? எங்கிட்ட சொன்னது கெடக்கட்டும். வீட்டுக்குப் போய் மூத்தவகிட்ட பேசுங்க. தான் சரியாத் தேடலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. தேடிக் கிடைக்கலன்னு சீக்கிரம் சொல்லியிருந்தா தங்கச்சிக்கு இவ்வளவு ஆயிருக்காதாம். நாலு நாளா எதிர் வீட்டுல நம்ம சாவிய வாங்கிட்டுப் போய் அந்த மெஷினையே பாத்துக்கிட்டு நிக்காளாம்."

ஐதராபாத்காரர் வீட்டில் இருந்த மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டைத் திறந்தேன். சாய்வாக நின்ற அந்த ரோபோவை அவளே எப்போதோ பிரித்து, பாகங்களை வரிசையாகப் பெட்டியில் அடுக்கியிருந்தாள். அவளை சோபாவில் உட்காரவைத்துச் சொன்னேன். மெஷினுக்கு அடியில் எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரியும். உன்னைத் தேடச் சொன்னபோதே தெரியும். உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். என் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள்.

"தெரிஞ்சா அப்புறம் ஏன்பா என்னைத் தேடச் சொன்னீங்க?"

அவள் என் பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு எழுந்து போய், தங்கைக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.