பெட்டி என்று இங்கே யாரும் இல்லை

போன வாரம் எங்கள் ஹோட்டலில் 'பெட்டி' வேலையை விட்டு நின்றுவிட்டாள். அப்ரெஹெத் மட்டும் அதே இடத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

குழப்பமா? இரண்டும் ஒரே பெண்தான்!

சுவிட்சர்லாந்தின் துன் ஏரிக்கரை ஹோட்டலில் என்னோடு காலைச் சாப்பாடு பரிமாறும் எரித்திரியப் பெண் அவள். அப்ரெஹெத் என்றால் 'ஒளி தந்தவள்' என்று அர்த்தமாம். விருந்தினரின் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று பயந்த மனேஜர் அம்மா, அவள் சட்டையில் குத்திவிட்ட பெயர் அட்டை — பெட்டி. தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

என் பெயர் மட்டும் என்ன வாழ்ந்தது? தில்லையம்பலம் 'டில்லி' ஆகிவிட்டான். யாழ்ப்பாணத்தானிடம் வந்து, தாஜ்மகால் உங்கள் வீட்டுக்குப் பக்கமா என்று கேட்கிறார்கள்...

முழுப்பெயர் வேண்டும் என்று அவள் பல தடவை கேட்டாள். "பிறகு பார்ப்போம்" என்றார் மனேஜர். அந்தப் பிறகு வரவே இல்லை. ஒருநாள் அட்டையைப் பிடித்தபடி படம் எடுத்து, இங்குள்ள ஆப்பிரிக்கர்களின் ஆன்லைன் குழுவில் போட்டாள். கீழே ஒரு ஹேஷ்டேக். தமிழில் சொன்னால்: #முழுப்பெயர்ப்ளீஸ்.

அவ்வளவுதான்! ஜெனீவாவில் பஸ் ஓட்டும் மமதூ வந்தார் — வேலையிடத்தில் 'மேக்ஸ்'. சூரிச் நர்ஸ் இஃபெயின்வா வந்தார் — வார்டில் 'ஈவா'. ஹேஷ்டேக் குழுவைத் தாண்டிப் பரவியது; கென்யாவின் நைரோபியிலிருந்து ஒருத்தி எழுதினாள்: "இங்கே வரும் சுவிஸ்காரரின் பெயரை நாங்கள் முழுசாகத்தான் சொல்கிறோம். யாருக்கும் நாக்கு சுளுக்கவில்லை."

ஜெனீவாவில் ஐ.நா. முன் மைதானத்தில் கொடியோடு நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் ஈழத்தமிழர் நாங்கள். மறுநாள் பேப்பரின் மூலையிலாவது வந்தோமா என்று தேடுவோம். இவர்கள் பேப்பருக்காகக் காத்திருப்பதில்லை. தனியாகச் சொன்னால் முறைப்பாடு. ஹேஷ்டேக் போட்டுச் சொன்னால் ஊர்வலம்!

ஆனால் மறுநாள் காலை வரும்படி மனேஜரிடமிருந்து அப்ரெஹெத்துக்கு அழைப்பு வந்தது. அவளுடைய வேலை ஒப்பந்தம் முடியப்போகிற நேரம்.

"வேலை போனா மகளுக்கு என்ன சொல்லுவன்?" என்றாள், எங்கள் இருவருக்கும் பொதுவான உடைந்த ஜெர்மனில்.

"நானும் ஒரு படம் போடட்டோ?" என்று கேட்டேன்.

"போடு. ஆனா இது நாங்கள் துவக்கினது. வரிசையில பின்னால நில்!"

நின்றேன். வீட்டில் செல்ஃபி எடுக்கும்போது மனைவி பிடித்துக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? உங்கட வேலையும் போகப்போகுது!"

சற்று நேரத்தில் தலை வாரிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னையும் ஒண்டு எடுங்கோ. நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில ராசலட்சுமியை 'ராசா' எண்டெல்லோ கூப்பிடினம்."

மறுநாள் அப்ரெஹெத் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. எனக்கு ஆம்லெட் கருகியது.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு. அறை பதிந்தவர்களில் பலர் அதே ஹேஷ்டேக்கோடு, "அந்தப் பெண்ணின் உண்மையான பெயர் என்ன?" என்று ஹோட்டலைக் கேட்டிருக்கிறார்கள். மனேஜருக்குப் பதில் எழுதத் தெரியவில்லை. அவளை உட்காரவைத்து உச்சரிப்புப் படித்தாராம்! ஒப்பந்தமும் நீடித்தது. எல்லோருக்கும் புது அட்டை.

என் பெயரில்தான் தடங்கல். "தில்... லை..." மூச்சு வாங்கினார் மனேஜர் அம்மா. "இண்டைக்கு இவ்வளவு காணுமோ? மிச்சத்தை நாளைக்குச் சொல்லட்டோ?"

தாராளமாக! சொந்தப் பெயரைத் தவணை முறையில் வாங்கிக்கொண்டிருக்கிறேன்... வட்டி கேட்கவில்லை.