கேட்கக் கூடாதவை

ரியாலிட்டி ஷோவில் வருகிறவர்கள் தாங்களாகவே வந்து சேர்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெங்களூரு இந்திராநகரில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் சேர்ந்த பிறகுதான், அவர்களைத் தேடிப் பிடிக்கவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குப் படிப்பு காரணமில்லை. நான் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். தமிழிலும் கன்னடத்திலும், கொஞ்சம் உருதுவிலும், முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க எனக்கு வரும்.

"இதை யாராலயும் சொல்லிக்கொடுக்க முடியாது" என்றார் என் மேலதிகாரி. அவரை எல்லோரும் மேம் என்போம். ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய தமிழ்க் குடும்பம். ஆபீஸில் என்னோடு மட்டும் தமிழில் பேசுவார். மதியம் தன் டப்பாவிலிருந்து பாதியை என் தட்டில் வைப்பார். இதிலெல்லாம் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

போட்டியாளர் படிவத்தை நிரப்பச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அதன் கடைசிப் பக்கத்தில் 'கேமரா முன் கேட்கக் கூடாதவை' என்று ஒரு கட்டம் இருந்தது. "உன்னை நம்பி ஒருத்தர் எதையாவது சொல்றாங்க, அது வெளிய வரக்கூடாதுன்னா இங்க எழுது. டைரக்டர் அந்தப் பக்கமே போகமாட்டார்" என்றார். நான் நம்பினேன். போட்டியாளர்களிடமும் அதையே சொன்னேன். அந்தக் கட்டத்தைக் காட்டிய பிறகுதான் பலர் மனம்விட்டுப் பேசவே ஆரம்பிப்பார்கள்.

மூன்றாம் வருடம் கன்னடத்தில் ஒரு சமையல் போட்டி எடுத்தோம். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அக்கா இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. ஐடி வேலைக்கு வந்தவர்கள் தங்கும் ஒரு பிஜி விடுதியில் மூன்று வேளையும் சமைத்தார். அறுபது பேருக்குச் சமைத்தாலும் அளந்து போடமாட்டார், கைதான் அளவு. பேச்சும் சுருக்கென்று இருக்கும். மேம் தேடிய ஆள் இவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

அவர் வீட்டுக்குப் போய்ப் படிவத்தை நீட்டினேன். "கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல கண்ணு, நீயே எழுதிக்கோ" என்றார். கையெழுத்துப் போடும்போது கோலம் போடுவதைப் போல ஒவ்வொரு எழுத்தாக இழுத்தார். முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்குப் படிக்க வராது. பேரு எழுத மட்டும் என் பொண்ணு சொல்லிக்கொடுத்துச்சு. சம்பந்தி வூட்ல அத்தனை பேரும் டீச்சருங்க. நான் பத்தாவதுன்னு சொல்லித்தான் கல்யாணம் பேசினோம். இதெல்லாம் டிவியில வருமா?"

"வராதுக்கா. இந்தக் கட்டத்துல எழுதிட்டா யாரும் கேக்கமாட்டாங்க."

"நீ சொல்றேன்னுதான் வரேன்" என்றார்.

முதல் மூன்று வாரமும் அவர் நன்றாகச் செய்தார். அவருடைய கத்தரிக்காய்க் குழம்பை ஒரு நடுவர் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிஜியில் இருந்தவர்கள் கூட்டமாக உட்கார்ந்து பார்த்து அவருக்கு வீடியோ அனுப்பினார்கள்.

நாலாவது வாரம் மேம் என்னிடம் கெட்டியான ஓர் அட்டையைக் கொடுத்தார். "ஒரு ரெசிபியைத் தமிழ்ல அழகா எழுதிக் குடு. உன் கையெழுத்து நல்லாருக்கும்."

"எதுக்கு மேம்?"

"சோஷியல் மீடியாவுக்கு."

எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட வரைந்தேன்.

படப்பிடிப்பு அன்று நான் மானிட்டர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தட்டில் ஐந்து உறைகள் வந்தன. ஆளுக்கொரு உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் சமையல் குறிப்பைச் சத்தமாகப் படித்துவிட்டு அதைச் சமைக்க வேண்டும் என்றார் தொகுப்பாளர். மேமைத் தேடினேன். டைரக்டர் பக்கத்தில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. கேமரா ஓடுகிறது, பேசாதே என்று ஒருவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

அக்காவின் முறை வந்தது. உறையைப் பிரித்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "கண்ணாடி கொண்டாரல சார்."

தொகுப்பாளர் தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினார். அதை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்கள். அக்கா மாட்டிக்கொண்டார்.

"கன்னட எழுத்து வராது சார். நான் தமிழு."

"திருப்பிப் பாருங்கம்மா."

திருப்பினார். மற்ற நால்வரின் அட்டையிலும் பின்பக்கம் காலியாக இருந்தது. அவருடையதில் மட்டும் நான் எழுதிய தமிழ் ஒட்டியிருந்தது.

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. நான் நின்ற பக்கம் பார்த்தார். அவ்வளவு விளக்குகளுக்கு நடுவிலிருந்து இருட்டில் நிற்கும் என்னைக் கண்டிருக்க முடியாது. ஆனாலும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். என்ன செய்யணும்னு வாயால சொல்லுங்க, செய்றேன்."

நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். அக்கா அழவில்லை. ஒளிபரப்பில் மட்டும் அவர் கண்ணில் நீர் வழிந்தது. முதல் வாரம் வெங்காயம் நறுக்கும்போது எடுத்தது அது. அதை அந்த இடத்தில் வெட்டி ஒட்டி, வயலின் சேர்த்து, வாரம் முழுக்க விளம்பரமாக ஓட்டினார்கள்.

அன்று ஷூட்டிங் முடிந்ததும் மேமைப் படிக்கட்டில் நிறுத்தினேன். "அந்தக் கட்டத்துல எழுதியிருந்தேனே மேம்."

"ஆமா. ரொம்பத் தெளிவா எழுதியிருந்தே. டைரக்டர் முதல்ல படிக்கிறதே அதைத்தான்."

"அந்தப் பக்கமே போகமாட்டார்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உண்மையைச் சொல்லியிருந்தா நீ இவ்ளோ மனசாரக் கேட்டிருப்பியா? உன் முகத்தை நம்பித்தானேம்மா அவங்க சொல்றாங்க." என் தோளைத் தட்டினார். "அந்தம்மாவை இனி ஊரே மதிக்கும். போய்ச் சாப்பிடு."

அவர் குரலில் கோபமோ கூச்சமோ இல்லை. அதுதான் என்னை இன்னும் நிலைகுலைய வைத்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் என் பழைய படிவங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பாட்டுப் போட்டியில் ஒருவர், தங்களை விட்டுவிட்டுப் போன அப்பாவைப் பற்றி மட்டும் பேச்சு வேண்டாம் என்றிருந்தார். எழுதினேன். இறுதிச் சுற்றில் அந்த அப்பாவையே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு நானும் சேர்ந்து அழுதேன். அதை எடுத்துக் கொடுத்தவளே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பான வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வாங்க மேடம்" என்றார். டீ கொடுத்தார்.

"அக்கா, நான் யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பேப்பர்ல எழுதினதோட சரி."

"எழுதினீங்க. எழுத்துன்னா என்னன்னு எனக்குத்தான் தெரியாது."

சம்பந்தி வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். முந்தின நாள் ஒரு வளைகாப்புக்குப் போனபோது, சம்பந்தியம்மா அழைப்பிதழை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக விரலால் காட்டிப் படித்துச் சொன்னாராம், எல்லோர் முன்னாலும். "திட்டியிருந்தாக்கூட தேவலாம்" என்றார் அக்கா. அடுத்த இரண்டு வாரத்தில் அவரைப் போட்டியிலிருந்தும் வெளியேற்றினார்கள்.

உடனே வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. இன்னும் ஐந்து மாதம் இருந்தேன். அந்தக் கட்டத்தில் மட்டும் 'எதுவும் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். "இப்பல்லாம் உன்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்றதில்ல போல" என்றார் மேம். என் படிவங்களிலிருந்து யாரையும் தேர்ந்தெடுப்பது நின்றது. நான் ராஜினாமா கொடுத்த அன்று ஒரு பரிந்துரைக் கடிதம் தந்தார். பார்த்தவுடன் எவரும் இவளை நம்பிவிடுவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதை நான் எங்கும் காட்டவில்லை.

இப்போது பிரேசர் டவுனில் ஒரு பள்ளியில் கன்னடம் சொல்லித் தருகிறேன். அக்கா அதே பிஜியில்தான் சமைக்கிறார். காய்கறி வாங்கும் இடத்தில் எப்போதாவது எதிர்ப்படுவார். தலையை ஆட்டுவார். நிற்கமாட்டார்.