இறங்கும் இடத்தில் நின்றவர்

அந்த வீடியோ இன்னும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது. என் மகள் பனிமேட்டிலிருந்து எழும்புகிறாள், காற்றில் உடம்பைத் திருப்புகிறாள், தோள் மோத விழுகிறாள். எடுத்தவர் என் அக்காவின் கணவர். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் போட்டவர்களும் எங்கள் சொந்தங்கள்தான்.

ஊரிலிருந்து துபாய்க்கு யார் வந்தாலும், மாலுக்குள் இருக்கும் பனிச்சறுக்கு அரங்குக்கு அழைத்துப்போவது எங்கள் வீட்டு வழக்கம். வாடகைக் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டே எல்லாரும் ஃபோட்டோ எடுத்துத் தள்ளுவார்கள். அரங்கின் ஓரத்தில், கயிறு கட்டிய பகுதியில், ஸ்னோபோர்டு பலகையில் குதிப்பவர்களுக்கென்று மேடுகள் இருக்கும். மேட்டின் உச்சிக்கு வரும்வரை மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தோழி ஒருத்தி பக்கவாட்டில் நின்று, கீழே ஆளில்லை என்று கை காட்டுவாள். குதிப்பவள் "டிராப்பிங்", அதாவது இதோ வருகிறேன், என்று கத்திவிட்டுத்தான் கிளம்புவாள். விழுந்தால் உருண்டாவது ஓரம் போய்விட வேண்டும், பின்னால் இன்னொருத்தர் வந்துகொண்டிருப்பார். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இந்த மரியாதை தெரியும்.

அக்கா குடும்பம் வந்திருந்த அன்று, இதையெல்லாம் என் மகள் காரிலேயே அத்தானிடம் சொல்லியிருந்தாள். அவரும் தலையாட்டினார். எந்தப் பேச்சையும் முடித்துவைக்க அவர் தலையாட்டுவார்.

தோழி கை காட்டினாள், மகள் கிளம்பினாள். அந்த நேரம் பார்த்து அத்தான் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து, அவள் இறங்க வேண்டிய இடத்தின் நட்டநடுவில் ஃபோனைத் தூக்கிக்கொண்டு நின்றார். "பாய், சைட்! ஜல்தி, ஜல்தி!" என்று காவலுக்கு நின்ற பணியாளர் அவரை ஒதுங்கச் சொல்லி இந்தியில் அலறினார். "முன்னாடி நின்னாத்தான்யா முகம் தெரியும்" என்று அவருக்குத் தமிழில் பதில் சொன்னார் அத்தான். காற்றில் இருந்தபடி அவரைப் பார்த்த என் மகள், அவர்மேல் விழாமலிருக்கத் தன்னைத் திருப்பிக்கொண்டாள். காறை எலும்பு முறிந்தது.

எலும்பு கூடிவிடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, உங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள். அவரோ, "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்கேன்?" என்றார். வாய்தவறிக்கூட ஒரு மன்னிப்பு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்கமாட்டார்கள். அக்கா பேச்சுப்படி, பெரியப்பா முகம் வாடிவிட்டதாம், தோளில் கட்டோடு கிடந்தவள்தான் அவரைத் தேற்ற வேண்டுமாம்.

தோள் சரியாகிவிட்டது. மகள் மறுபடி குதிக்கிறாள், சொந்தக்காரர்கள் யாரும் உடன் வராத நாட்களில் மட்டும். போன வாரம் அத்தான் ஃபோன் செய்தார். "லீவுக்கு வர்றோம். பாப்பாவ இன்னொரு தடவ குதிக்கச் சொல்லு, இந்த வாட்டி நல்லா எடுத்துருவோம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகள், ஃபோனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"பெரியப்பா, யூ நெவர் செட் சாரி. ஃபர்ஸ்ட் அதச் சொல்லுங்க."

"அம்மாட்ட குடு" என்றார் அவர்.

மகள் ஃபோனை நீட்டினாள். நான் வாங்கவில்லை.