அண்ணாவுக்கு மீன், எனக்குச் சோம்பு

என் இல்லறத்தின் குறுக்கே வந்தவனுக்குப் பல் கிடையாது. ஒரு கண்ணில் வெண்படலம். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்தது. காவி நிற ரோமம், அதுவும் முதுகில் திட்டுத் திட்டாக உதிர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒருவனிடம் தோற்றுக்கொண்டிருக்கிறோமே என்ற நினைப்போடுதான் இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருஷங்களில் புனேயின் ஒரு கோடியான வானவடியிலிருந்து மறுகோடி விஷ்ராந்த்வாடிக்கு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் மனைவி. அவள் மடியில் அவனுக்கான மீன் டப்பா.

அவன் ஒரு பூனை. அதைச் சொல்லும்போதுதான் அவமானம் முழுமையடைகிறது.

விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு பழைய பங்களா. கிழட்டுப் பூனைகளும் தீராத நோய்ப் பூனைகளும் அங்கேதான் இருந்தன. புனேயில் ராணுவக் குடும்பங்களுக்கு மாற்றல் வரும். லாரியில் கட்டில், பீரோ, துளசித் தொட்டி எல்லாம் ஏறும். பூனை மட்டும் சுற்றுச்சுவர்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். லாரி போன பிறகுதான் அதற்கு விஷயம் புரியும். அப்படி விடுபட்டவைதான் பாதிக்கு மேல். பங்களாவை நடத்தியவர் ஒரு ராணுவ அதிகாரியின் மனைவி. கணவர் காலமான பிறகு பூனைகளோடு தனியாக இருந்தார். எல்லோரும் அவரை மாவ்ஷி என்றார்கள், மராத்தியில் சித்தி. பெரிய குரல், சிறிய உருவம். 'கருணை ஊசி' என்று யாராவது பேச்செடுத்தால் கேட்டைத் திறந்துவிட்டு வாசலைக் காட்டுவார். எந்தப் பூனையும் தன் நேரத்துக்குத்தான் போகும், நாம் நேரம் குறிக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. மருந்து கொடுக்கும் கை வேறு, சோறு கொடுக்கும் கை வேறு. மாத்திரை திணிக்கிறவர், ஊசி போடுகிறவர், காது துடைக்கிறவர் யாரும் சாப்பாட்டுத் தட்டைத் தொடக் கூடாது. நோய்ப் பூனை அந்தக் கையை நினைவில் வைத்துக்கொண்டு சோற்றையும் வெறுத்துவிடுமாம். அதனால் ஊட்டுவதற்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டும்.

என் மனைவி அங்கே போனது பழைய படுக்கை விரிப்புகளைக் கொடுக்கத்தான். மாவ்ஷி ஒரு மூலையைக் காட்டியிருக்கிறார். மதராஸி வீட்டுப் பூனை, அதனால் பெயர் அண்ணா. யாரிடமும் சாப்பிட மறுக்கிறது. இவள் சும்மா குனிந்து, "என்னல, என்ன கோவம் ஒனக்கு?" என்றிருக்கிறாள். கிழிந்த காது நிமிர்ந்திருக்கிறது.

முடிந்தது என் கதை.

எங்கள் வீடு சுத்த சைவம். அவள் பிறந்த திருநெல்வேலி வீட்டில் முட்டை என்ற சொல்லையே தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். நான் கல்யாணத்துக்கு முன்பே சென்னையில் ஆம்லெட்டுக்கு அடிமையானவன். ஆபீஸ் விட்டு வரும் வழியில் கேம்ப் கடைத்தெருப் பக்கம் ஒரு கைவண்டியில் நின்றபடி சாப்பிட்டுவிட்டு, வாயில் சோம்பை அள்ளிப் போட்டுக்கொண்டு, மூன்று மாடி ஏறி, துறவி மாதிரி முகத்தோடு வீட்டுக்குள் நுழைவேன். வருஷக்கணக்காக இந்த ரகசியம் கட்டிக் காக்கப்பட்டது. அதே வீட்டின் பால்கனியில் ஒரு நாள் மண்ணெண்ணெய் அடுப்பு முளைத்தது. அதன்மேல் தனிப் பாத்திரம். பாத்திரத்தில் பாங்டா மீன், நம் ஊர்க் கானாங்கெளுத்தி. என் மனைவி முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரல் நுனியால் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்காக ஒரு முட்டையைக்கூட அவள் பார்த்தது கிடையாது.

மீனைக்கூட மன்னித்திருப்பேன். பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. புனேவுக்கு வந்த பிறகு எங்களுக்குள் பேச்சு என்றால், "கேஸ் சிலிண்டருக்கு நம்பர் போட்டாச்சா? தூத்வாலாகிட்ட நாளைக்கு ஒரு பாக்கெட் பால் ஜாஸ்தின்னு சொல்லிடுங்க" என்ற அளவுக்கு வற்றிவிட்டது. அதுவும் பாதி இந்தி. அங்கேயோ நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஜன்னலருகே வரும்போது உள்ளேயிருந்து தாமிரபரணி ஓடும்.

"சாப்புடுல ராசா. அவியளுக்கென்ன, ஆபீஸ்லருந்து வருவாவ, பேப்பர விரிப்பாவ, அதுக்குள்ள போயிருவாவ. நீ கேளு. நா சொல்லுதேன்..."

நான் நிலைப்படியில் கால் வைத்ததும் ஆறு நின்றுவிடும்.

"என்ன பேசிட்டிருந்தே?"

"ஒண்ணுமில்லையே."

பூனை என்னைத் திரும்பிப் பார்க்கும். அந்த ஒற்றைக் கண்ணில் தெரிந்த கர்வத்தை நான் எந்த மேனேஜரிடமும் பார்த்ததில்லை. ஒருமுறை மாவ்ஷியிடம் முகத்தில் கவலையைப் பூசிக்கொண்டு, "இவன் இன்னும் எவ்வளவு காலம் இருப்பான்?" என்று இந்தியில் விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு காலம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சை என்று ஊரிலிருந்து ஃபோன் வந்தது. மனைவி கிளம்பினாள். ரயில் பெட்டியின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உத்தரவுகள் போட்டாள்.

"தெனமும் போயிடுங்க. மீன் வெதுவெதுன்னு இருக்கணும். முள்ளைப் பார்த்து எடுங்க. தமிழ்ல பேசிட்டே இருந்தாத்தான் சாப்பிடுவான், நிறுத்தினா எந்திரிச்சுப் போயிருவான்."

"எனக்கு யாரு பேசிக்கிட்டே ஊட்டுறது?"

"ஃப்ரிட்ஜ்ல தோசை மாவு இருக்கு."

ரயில் நகர்ந்தது.

முதல் நாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, மீன் வேகவைத்து, விரலெல்லாம் முள் குத்திக்கொண்டு, ஜம்பமாகப் போய் உட்கார்ந்தேன். பேச்சுதானே, என் தொழிலே அதுதான். ஆபீஸில் டீ இடைவேளைக்கு என் ஜோக்குகளைக் கேட்க அடுத்த செக்‌ஷனிலிருந்து ஆள் வரும். அவற்றில் பொறுக்கியெடுத்துச் சொன்னேன். அண்ணா என்னை ஒருமுறை முகர்ந்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான். ஒரு ஜோக்குக்கு இதைவிடத் தெளிவான விமர்சனம் இருக்க முடியாது.

வீட்டுக்கு வந்தால் ஃபோன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவள்தான்.

"அவன் சாப்பிட்டானா?"

நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எரிச்சலில், "தட்டையே நக்கிட்டான்" என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாளும் அவன் தொடவில்லை. மீசையில் மீன் தடவிப் பார்த்தேன். அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்கு மனம் வரவில்லை. மாவ்ஷி வந்து அவன் முதுகுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் மெதுவாகத்தான் திரும்பி அமர்ந்தது, உடம்பில் நீர் வற்றியதற்கு அடையாளம். "நாளைக்கும் இப்படியே என்றால் குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். இந்த உடம்பு அதைத் தாங்குமா, தெரியாது" என்று இந்தியில் சொன்னார்.

இந்த மாதிரி நேரங்களில் என் மூளை வேலை செய்யும் விதமே தனி. வீடு திரும்பும் பாதிச் சாலையிலேயே என் கற்பனையில் பூனை செத்துவிட்டது. புனே ஸ்டேஷனில் மனைவியை வரவேற்க நிற்கிறேன். 'பயணமெல்லாம் சௌகரியமா?' என்று தொடங்கலாமா, அல்லது நேராகக் காலில் விழுந்துவிடலாமா? அவள் அதே ரயிலில் திரும்பிப் போகிறாள். தட்டை நக்கியதாகச் சொன்னேனே, அதற்கு வேறு தனி வழக்கு. எதிரி ஒழியட்டும் என்று நினைத்தவன்தான் நான். ஆனால் என் கையிலா ஒழிய வேண்டும்? சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்று, பின்னாலிருந்த ஆட்டோக்காரரிடம் மராத்தியில் நல்ல வசவு வாங்கினேன்.

மறுநாள் டப்பாவைத் திறந்து வைத்தேன். ஜோக் எதுவும் வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது.

"ஏண்டா, உனக்கு என்னடா குறைச்சல்? எனக்குக் கிடைக்காத மீன் உனக்குக் கிடைக்குது. சமைச்சது யாரு, என் பொண்டாட்டி. நீ என்னடான்னா மூஞ்சியத் திருப்பிக்கிறே. என்கிட்ட அவ பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா? ஊர்ப் பேச்சு, அப்பா பேச்சு, மனசுல இருக்கிறது எல்லாம் உனக்கு. கேஸ் நம்பர் எனக்கு."

கிழிந்த காது திரும்பியது. நான் கவனிக்கவில்லை.

"வீட்டுக்குப் போனா சுவர்தாண்டா இருக்கு. நான் ஜோக் சொன்னா 'போதும்'னு சொல்லக்கூட ஆளில்லை. அவளுக்கு அங்கேயே பிடிச்சுப்போய் இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்னு சொல்லிட்டா என்னடா பண்றது? அதையும் உன்கிட்டதானே முதல்ல சொல்லுவா? எனக்கு உன்மேல எவ்வளவு பொறாமைன்னு தெரியுமா? ஒரு பூனைமேல, அதுவும் பொக்கைவாய்ப் பூனைமேல!"

சளக் சளக் என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். அண்ணா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே பேச்சை விட்டுவிட்டேன். அவனும் நிறுத்தித் தலையைத் தூக்கினான்.

முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்:

"நிறுத்தாதீங்க. இன்னும் பாதி இருக்கு."

தமிழ்! திரும்பினால் மாவ்ஷி, கையில் மடித்த துண்டுகளோடு.

புனேயில் வாழும் தமிழர்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. தமிழில் பேசினால் சுற்றியிருக்கும் யாருக்கும் புரியாது என்பது அது. அந்த தைரியத்தில் காய்கறிக்காரர் முன்னாலேயே அவர் தராசைத் திட்டுவோம், லிஃப்ட்டில் எதிரே நிற்பவரின் சட்டையை விமர்சிப்போம். நான் என் வயிற்றெரிச்சல் முழுவதையும் கொட்டியிருந்தேன்.

"உங்களுக்கு... தமிழ்...?"

"வீட்டுக்காரருக்கு வெலிங்டன்ல போஸ்டிங். குன்னூர் மார்க்கெட்ல தமிழ் இல்லாம தக்காளி வாங்க முடியுமா?"

"சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே. எனக்குப் புரியும்னு தெரிஞ்சா உங்க வீட்டம்மா பேச்சை நிறுத்திடுவாங்க. அவங்க நிறுத்தினா இவன் சாப்பாட்டை நிறுத்திடுவான். எனக்கு இவன் சாப்பிடணும்."

அப்படியென்றால் இவ்வளவு நாளும் அவள் பேசியதெல்லாம் இவருக்குத் தெரியும். பூனை ஒருவன்தான் போட்டி என்று நினைத்திருந்தேன். இப்போது மாவ்ஷி வேறு. புதிதாக ஒரு பொறாமை கிளம்பியது.

"என்னைப் பத்தி என்ன சொல்லியிருக்கா?"

"அதை நான் சொல்ல மாட்டேன். இவன் சொல்றானா? நடுவுல ஜோக்காவது சொல்றானா? அதனாலதான் இவன்கிட்ட பேசுறாங்க." பிறகு அலமாரியிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்து நீட்டினார். "கொஞ்சம் சோம்பு எடுத்துக்கோங்க. உங்களுக்குப் பிடிக்குமே."

எனக்குச் சோம்பு பிடிக்கும் என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று வானவடி வரும்வரை யோசித்தேன். அந்தத் திசையில் மேலே போக பயந்து பாதியில் யோசனையை நிறுத்திக்கொண்டேன்.

மனைவி திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போனோம். மாவ்ஷி வாசலிலேயே நின்று, "வாங்க, வாங்க. அப்பா கண்ணு நல்லா தெரியுதா?" என்றார். என் மனைவி பதில் சொல்ல வாய் திறந்து, அப்படியே நின்றாள். முகத்தில் நிறம் போய் நிறம் வந்தது. என் பங்குக்கு நான் ஏற்கெனவே பயந்து முடித்திருந்ததால் அதை நிதானமாக ரசிக்க முடிந்தது.

அன்று அண்ணாவுக்கு ஊட்டும்போது அவள் வெகுநேரம் வாயே திறக்கவில்லை. அவன் எழுந்துகொள்ளப் பார்த்தான். வேறு வழியில்லாமல் நானே ஆரம்பித்தேன், "கேளுடா, உங்கம்மா வந்ததும் வராததுமா..." அவன் உட்கார்ந்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பும்போது பின்சீட்டிலிருந்து கேள்வி வந்தது.

"அவன்ட்ட என்னத்த சொன்னிய?"

அது பூனையின் தமிழ். கல்யாணமான புதிதில் எனக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது. நல்ல ஜோக் ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். ஆம்லெட் போல அது லேசில் இறங்கவில்லை.

"நீ முதல்ல சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். அப்பாவின் கண் கட்டு, ஆஸ்பத்திரி வராந்தா, அக்காவோடு மனஸ்தாபம். எரவாடா வந்தது, பாலம் வந்தது, கேம்ப் வந்தது, பேச்சு நிற்கவில்லை. நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

மாடிப்படி ஏறும்போது தைரியம் வந்து கேட்டேன்.

"பால்கனி அடுப்பு சும்மாதானே இருக்கு. எப்பவாவது ஒரு முட்டை..."

"அது அவன் அடுப்பு. ஒங்களுக்குப் பல்லு இருக்குல்லா? எப்பவும் போல வண்டியில நின்னு தின்னுட்டு வாங்க." சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளினாள். "சோம்பு வாசம் எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிய? அங்க போன மொத வாரமே அவன்ட்ட சொல்லியாச்சு."